அறப்பணி என்று கும்பிட்டால் போதுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியருக்குச் சமூகத்தில் உரிய இடத்தைப் பெற்றுத் தருவது எது? அறப்பணி என்ற போற்றுதலா, தேர்ந்த தொழில் என்ற ஏற்பா? இதுதான் தலைப்பு. தேர்ந்த தொழில் என்ற ஏற்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 'எழுத்தறிவித்தவன் இறைவன் ஆவான்' என்று தொடங்கினார். அரங்கமே கை தட்டியது, நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, 'வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை' என்று சொல்வதும் இதே ஊர்தான். 'வேற எதுவும் கிடைக்கலைன்னா டீச்சர் வேலைக்காவது போ' என்று பிள்ளைக்கு யோசனை சொல்வதும் இதே ஊர்தான். ஒன்று புகழ்ச்சி, மற்றது இகழ்ச்சி. ஆனால் இரண்டும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. நல்ல மனசு இருந்தால் யாரும் பாடம் நடத்திவிடலாம், அதற்கென்று தனித் திறமை எதுவும் வேண்டாம் என்பதே அந்த எண்ணம்.

இந்த எண்ணம் எப்படி வந்தது? நாம் எல்லோரும் பத்துப் பன்னிரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்த்தவர்கள். வேறு எந்தத் தொழிலையும் இவ்வளவு நேரம் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அதனால் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். நாம் பார்த்தது அவர் பேசியதையும் எழுதியதையும் மட்டுமே. அவர் மண்டைக்குள் என்ன ஓடியது என்று பார்க்கவில்லை.

ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் கவனியுங்கள். 0.35, 0.8 இரண்டில் எது பெரியது? ஒரு குழந்தை 0.35 என்கிறது. எட்டைவிட முப்பத்தைந்து பெரியதாயிற்றே, அது அதன் நியாயம். அடுத்த குழந்தை 0.8 என்கிறது. சரியான விடை, டிக் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் குழந்தை எப்படி யோசித்தது தெரியுமா? புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் கூடுகிறதோ அத்தனை சிறிய எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. தப்பான வழியில் போய்ச் சரியான விடைக்கு வந்துவிட்டது. விவரமான ஆசிரியர் அங்கே நிறுத்த மாட்டார். '0.4, 0.73?' என்று அடுத்த கேள்வியைப் போடுவார். இப்போது முதல் குழந்தை சரியாகச் சொல்கிறது, இரண்டாவது குழந்தை தப்பாகச் சொல்கிறது. இரண்டு பேர் மனசிலும் உள்ள முடிச்சு வெளியே வந்துவிட்டது. அந்த இரண்டாவது கேள்வியை எந்தத் தொண்டு மனமும் தானாகக் கொடுத்துவிடாது. தசமப் பின்னம் தெரிந்தவர்கள் எல்லோருக்கும்கூட அது தோன்றாது. குழந்தைகள் எங்கெங்கே வழி தவறுவார்கள் என்று படித்தவருக்கே தோன்றும்.

இது புதுக் கருத்தும் அல்ல. பாடம் சொல்லும் முறையைச் சொல்லும்போது நன்னூல் 'கொள்வோன் கொள்வகை அறிந்து' என்கிறது. மாணவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்பதை அறிவதுதான் ஆசிரியரின் வேலை என்று பவணந்தியார் அன்றே இலக்கணம் வகுத்துவிட்டார்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் உலக ஆசிரியர் தினத்தையும் பூங்கொத்துகளையும் பற்றி உருக்கமாகப் பேசினார். அக்டோபர் 5-ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? 1966-இல் அந்த நாளில்தான் ஆசிரியர்களின் நிலை குறித்த யுனெஸ்கோ, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பரிந்துரை ஏற்கப்பட்டது. பொதுச் சேவை என்ற சொல் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கற்பித்தலைத் தொழிலாகக் கருத வேண்டும், அதற்கு நிபுணத்துவ அறிவும் சிறப்புத் திறனும் வேண்டும், அவற்றைக் கடுமையான, தொடர்ந்த படிப்பால் பெற வேண்டும் என்றும் அதே வரி சொல்கிறது. பூங்கொத்தை எடுத்துக்கொண்டோம், இந்தப் பாதியை விட்டுவிட்டோம்.

விட்டதன் விளைவைப் பாருங்கள். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2018-இல் நடத்திய ஆய்வில், உறுப்பு நாடுகளின் ஆசிரியர்களில் சராசரியாக 90 சதவீதம் பேர் வேலையில் திருப்தி என்றார்கள். சமூகம் எங்கள் தொழிலை மதிக்கிறது என்றவர்கள் 26 சதவீதம்தான். அதாவது மனசுக்குக் குறைவில்லை, வெளியே மதிப்புக்குத்தான் குறை. 2030-க்குள் உலகுக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்கிறது யுனெஸ்கோ. போற்றிப் பாடி இவ்வளவு பேரை வரவழைக்க முடியுமா? பின்லாந்தில் பள்ளி ஆசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர் படிப்புக்குப் போட்டி போட்டு விண்ணப்பிக்கிறார்கள், பெரும்பாலோருக்கு இடம் கிடைப்பதில்லை. நுழைவது கடினம், நுழைந்தவரின் முடிவை நம்புகிறார்கள். அங்கே மதிப்பு இப்படி வந்தது.

'தொழில் என்று சொன்னால் அன்பு போய்விடாதா?' என்று கேட்டார்கள். மருத்துவத்தைத் தொழில் என்கிறோம், அதனால் மருத்துவரின் பரிவு குறைந்துவிட்டதா? அறப்பணி என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சம்பளம் கேட்டால் 'இது சேவையாயிற்றே' என்கிறார்கள். பயிற்சிக்கு நேரம் கேட்டால் 'அர்ப்பணிப்பு இல்லை' என்கிறார்கள். விடைத்தாள் கட்டோடு வீட்டில் கழியும் இரவுகளை யாரும் வேலை நேரத்தில் சேர்ப்பதில்லை. வாய் திறந்தால் தெய்வப் பட்டத்தைக் காட்டி அடக்கிவிடுகிறார்கள். இதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

நடுவர் அவர்களே, எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னால் ஆசிரியருக்கு வர வேண்டிய மரியாதையில் ஒரு துளியும் குறையாது. அவருடைய படிப்புக்கும் நேரத்துக்கும் உரிய விலையையும் சேர்த்துக் கேட்கிறோம். நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன். நன்றி, வணக்கம்.