செகண்ட் ஹேண்ட் பைக்: இன்ஜின் சூடாகும் முன்னே பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தாம்பரத்திலிருந்து தேனாம்பேட்டைக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்கு நாளுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டம். மாதம் 25 நாள் என்றால் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கிற வண்டிக்கு ஏறக்குறைய 17 லிட்டர் பெட்ரோல் போதும். 45 கொடுக்கிற வண்டி 22 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். வண்டி விலையைப் பேசும்போது 2,000 குறைக்க அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறோம். அந்த இரண்டாயிரத்தை நாலே மாதத்தில் பெட்ரோல் டேங்க் தின்றுவிடும். ஆகவே முதலில் எந்த வகை வண்டி என்று முடிவு செய்துகொண்டு, பிறகு விலைக்குப் போகலாம்.

ஊருக்குள் ஓட்ட 100 சிசி முதல் 125 சிசி வரை போதும். ஸ்பிளெண்டர், பிளாட்டினா, ஸ்டார் சிட்டி, ஷைன் இந்த ரகம். ஒருவர் மட்டும் போவதானால் 100. தினமும் பின்னால் ஆள் ஏறுவார், மேம்பாலங்கள் நிறைய என்றால் 125. இவற்றின் பாகங்கள் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். நம்பகம் என்று நான் சொல்வதில் பாதி இதுதான். ஆயிரத்தில் ஒருவர் வைத்திருக்கும் அழகான வண்டிக்கு ஒரு கிளட்ச் கேபிள் அறுந்தால் மூன்று நாள் பஸ்ஸில்தான் போக வேண்டும். ஸ்கூட்டரில் ஹெல்மெட் வைக்க இடம் உண்டு, கியர் தொல்லை இல்லை. ஆனால் சின்னச் சக்கரம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலையின் பள்ளங்களை 18 அங்குலச் சக்கரம் தாண்டுகிற மாதிரி 10 அங்குலம் தாண்டாது. தினமும் 40 கிலோமீட்டர் என்றால் என் ஓட்டு பைக்குக்குத்தான்.

எந்த ஆண்டு வண்டி? 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் 125 சிசி வரை சி.பி.எஸ். என்ற இணைந்த பிரேக் கட்டாயமானது. பின் பிரேக்கை மிதித்தால் முன்சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது, பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரை விட்டு, சென்சார் பார்த்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறின. மழைக்காலக் காலையில் சோக் இழுக்காமல் ஸ்டார்ட் ஆகும். ஆனால் சென்சார் போனால் ரோட்டோர மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்ய முடியாது. ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். கார்புரேட்டர் வண்டி மலிவு, வேலையும் எளிது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பழைய வண்டியின் ரப்பர் குழாயும் வாஷரும் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

இனி வண்டியைப் பார்க்கிற விதம். விற்பவரிடம் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம். சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும்.

சாவியைப் போடாமல் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். ஓரிடத்தில் கெட்டியாகத் தடுத்து நிற்க வேண்டும். தடுப்பே இல்லாமல் கீழே போனால் இன்ஜினுக்குள் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், இல்லை. பிறகு ஸ்டார்ட் செய்து சைலன்சரைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினிலிருந்து முதல் ஒரு நிமிடம் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி, கவலை வேண்டாம். நீலம் தட்டிய புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், சின்னச் செலவு. ஆக்சிலரேட்டர் திருகும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்துவிட்டன. அது எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் வேலை. கருப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

இன்ஜின் தலையில் வால்வைத் தட்டும் டேப்பட்டின் மெல்லிய டிக்டிக் சத்தம் எல்லா வண்டியிலும் உண்டு. கரகரவென்று சங்கிலி உரசுவது போல் கேட்டால் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் அடியிலிருந்து கனமாகத் தட்டுகிற சத்தம் வந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கிராங்க் பேரிங் வேலைக்கு இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும்.

அடுத்து சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் சின்னக் குழியில் விழுந்தது போல் ஹேண்டில் மாட்டி நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்தின் பேரிங், போய்விட்டது. பள்ளத்தில் ஓடிய வண்டிகளில் இது சாதாரணம். செலவு பெரிதில்லை, விலை குறைக்கப் பயன்படும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் வளையமும் அதில் ஒட்டிய புழுதியும் இருந்தால் ஆயில் சீல் கசிகிறது. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள்; ஆட்டம் இருந்தால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் அல்லது வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது.

செயினைப் பின் பல்சக்கரத்தின் கடைசிப் புறத்தில் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரிகிற அளவுக்குச் செயின் எழும்பினால் ஆயுள் முடிந்தது. பல் நுனிகள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போல் இருந்தாலும் அப்படித்தான். அப்போது செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஸ்ப்ராக்கெட் என்கிற முன், பின் பல்சக்கரம் இரண்டும் சேர்த்து செட்டாகவே மாற்ற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பள்ளங்கள் தேயாமல் ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டு ஆன ரப்பர் இறுகிவிடும், மழையில் வழுக்கும். இரண்டு டயரும் மாற்ற மூவாயிரத்துக்குக் குறையாது.

மீட்டரில் 18,000 என்று காட்டுகிறது; ஆனால் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழப்பாகிவிட்டது, பிரேக் பெடலின் கோடுகள் மழுங்கிவிட்டன, கிரிப் பளபளக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டரையும் திருப்பிவிடுகிறார்கள். சர்வீஸ் புத்தகத்தில் தேதிவாரியாகக் கிலோமீட்டர் ஏறுகிறதா பாருங்கள்.

சென்னையில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் எத்தனையோ வண்டிகள் சீட் வரை மூழ்கின. பெயிண்ட் அடித்து பாலிஷ் போட்டால் வெளியே தெரியாது. சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் விரல் விட்டுப் பாருங்கள், வண்டல் படிந்திருக்கும். ஒயர் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பூப்பு. மீட்டர் கண்ணாடிக்குள் பனி மூட்டம். ஆயில் மூடியைத் திறக்கும்போது ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜினைச் சரிசெய்துவிடலாம், ஒயரிங் மட்டும் ஆண்டுக்கணக்கில் தொல்லை தரும். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

வண்டி பிடித்துவிட்டதா? ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, ஹேண்டில்பார் கழுத்துப் பகுதியில் பொறித்த சேசிஸ் எண்ணையும் இன்ஜின் மேல் பொறித்த எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செய்வது போல் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள்; அரம் போட்ட தடம் இருந்தால் காகிதத்தில் தெரிந்துவிடும். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ், கடன் விவரம் வரும். இ-சலான் தளத்தில் பாக்கி அபராதத்தையும் பார்த்துவிடுங்கள். விற்பவர் அதைக் கட்டிய பிறகே பணம். வண்டிக்குக் கடன் இருந்திருந்தால், முடித்ததற்கான வங்கிக் கடிதமும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கையில் வர வேண்டும். 15 ஆண்டை நெருங்கும் வண்டி என்றால் தகுதிச் சோதனை, பதிவுப் புதுப்பிப்பு, பசுமை வரி எல்லாம் உங்கள் தலையில் விழும்.

புரோக்கர்களிடம் "ஓப்பன் ஃபார்ம்" என்று ஒரு வழக்கம் உண்டு. முதல் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி மூன்று கை மாறியிருக்கும், பெயர் மட்டும் மாறியிருக்காது. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் விற்பவரே நேரில் வரட்டும். பெயர் மாற்றத்துக்கு வேண்டியவை படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. முழுதாக நிரப்பிய பிறகே கையெழுத்து. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு 14 நாளுக்குள் எழுத வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. ஆகவே பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

வாங்கிய வாரமே இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இந்த ரக வண்டிக்கு ஆயில் ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். செயின் தொய்வு நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கட்டும்; இறுக்கிக் கட்டினால் கியர்பாக்ஸ் பேரிங் தேயும். முதல் 1,000 கிலோமீட்டருக்கு வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்துகொண்டே போனால், புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஆயில் எங்கோ எரிகிறது அல்லது கசிகிறது. உடனே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

வணக்கம்.