நெல்லுக்குள் குடியிருக்கும் அந்து

(விதைநெல் பாதுகாப்பு பற்றி உழவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். விதைநெல் மூட்டையைப் பிரித்ததும் வைக்கோல் நிறத்தில் அந்துகள் படபடவென்று கிளம்புமே, உடனே துண்டை எடுத்து அடிப்போம். அடியுங்கள், தப்பில்லை. ஆனால் பறக்கிற அந்தப் பூச்சி ஒரு மணியைக்கூடத் தின்னாது. ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். கூடும், முட்டையிடும், செத்துப்போகும். தின்ன வேண்டியதையெல்லாம் புழுப் பருவத்திலேயே தின்றாயிற்று.

தாய் அந்து நூறு, நூற்றைம்பது முட்டை இடும். முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும். பொரித்து வரும் புழு ஒரு மில்லிமீட்டர் தேறினால் அதிகம். உமியின் இரண்டு மடலும் சரியாக மூடாத இடுக்கைத் தேடித்தான் நுழைகிறது. உமி இறுக்கமாக மூடிய நெல்லில் அந்து குறைவாக விழுவது இதனால்தான். நுழைந்த பிறகு புழு வெளியே வருகிற பேச்சே இல்லை. வீடு, சோறு, கழிப்பறை எல்லாம் அந்த ஒரு மணிதான். மக்காச்சோளத்தில் இரண்டு மூன்று புழு பிழைக்கும். நெல்லில் ஒன்றுக்குத்தான் இடம்.

மூன்று வாரம் போலத் தின்று வளர்ந்ததும் ஒரு வேலை செய்கிறது பாருங்கள், எதிரி என்றாலும் எனக்கு அதன்மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான். அந்துக்குக் கடிக்கிற வாய் கிடையாது. இறக்கை முளைத்த பிறகு சுவரை உடைக்க முடியாது. அதனால் புழுவாக இருக்கும்போதே மணியின் விளிம்புவரை குடைந்து, மேல்தோலை மட்டும் மெல்லிய வட்டமாக விட்டுவைக்கிறது. அதற்கப்புறம்தான் கூட்டுப்புழு. பூச்சியானதும் அந்த வட்டத்தை முட்டித் தள்ளிவிட்டு வெளியேறும். நம் வெக்கையில் முட்டை பூச்சியாக ஐந்து வாரம் போதும்.

1760இல் பிரான்சில் அங்கூமுவா பகுதிக் கோதுமையை இதே அந்து அழித்தது. பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த துயமெல் து மோன்சோவும் தில்லேவும் நேரில் போய் ஆராய்ந்து, 1762இல் புத்தகமாகவே எழுதினார்கள். தானியத்தை அடுப்பில் சூடேற்றி உள்ளிருக்கும் புழுவைக் கொல்வது அவர்கள் சொன்ன வழி. நமக்கு அடுப்பு வேண்டாம், களத்து வெயில் இருக்கிறது. விதைநெல்லை மட்டும் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெயிலில் போடாதீர்கள், முளைப்பு கெடும். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கட்டும்.

வசம்பு, நொச்சி, வேப்பிலை போடலாமா என்று கேட்பீர்கள். பூச்சி வந்து உட்காராமல் ஓரளவு தடுக்கும். மணிக்குள் இருக்கிற புழுவை அது ஒன்றும் செய்யாது. வயலில் கதிர் முற்றும்போதே முட்டை விழுந்துவிடுகிறது. அறுத்த கதிரைப் போரில் கிடத்தாமல் சீக்கிரம் அடித்துவிடுங்கள். கொட்டி வைத்த குவியலில் அந்தால் ஆழமாக இறங்க முடியாது, சேதம் பெரும்பாலும் மேல் ஒரு அடியில்தான். சோதிக்கிறவர்கள் அங்கே கைவிட்டுப் பாருங்கள். போன வருஷத்து மிச்ச நெல்லைப் புது நெல்லோடு ஒரே குதிரில் கொட்டாதீர்கள். சாக்கையும் உதறி வெயிலில் போட்ட பிறகு நிரப்புங்கள்.