குழாய் வழியே வந்த குரல்: ஸாப் குழுவைக் கேட்க ஒரு வழி

வணக்கம் நேயர்களே.

1980-இல் அமெரிக்காவில் டிஸ்கோ மோகம் வடிந்துகொண்டிருந்தது. அந்த நடன இசைக்கு வேண்டிய வயலின் வரிசை, ஊதுகருவிகள், பின்னணிப் பாடகர் கூட்டம் எல்லாம் செலவு பிடிக்கிற சமாச்சாரம். அந்த நேரத்தில் ஒஹையோ மாநிலத்து ஹாமில்டன் என்ற ஊரிலிருந்து ஸாப் என்ற இசைக்குழு வந்தது. ரோஜர், லாரி, லெஸ்டர், டெரி என்று ட்ரௌட்மன் வீட்டுச் சகோதரர்கள் நால்வர். டெரியின் செல்லப்பெயரே குழுவுக்கும் பெயரானது.

முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'மோர் பவுன்ஸ் டு தி அவுன்ஸ்'. அங்கிருந்தே தொடங்குங்கள். ஆல்பத்தில் உள்ள முழு வடிவம் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். வானொலிக்காக வெட்டிய குறும்பதிப்பு இந்தப் பாட்டுக்குச் சரிப்படாது. பல்லவி முடிந்து சரணம் வரும், மெட்டு திரும்பும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரே சுழற்சிதான். டிஸ்கோவைவிட நடை மெதுவு. இரண்டாம், நான்காம் தட்டுகளில் கனமான கைத்தட்டல். பேஸ் எனும் தாழ்ஸ்தாயி இசை இடைவெளி விட்டு விட்டு நடக்கிறது. அந்த இடைவெளியில்தான் கால் தானாக ஆடும்.

இனி, ஸாப் பாட்டுகளில் ரோஜர் பாடுவதாகக் கேட்கும் அந்த இயந்திரக் குரல். அதை வோக்கோடர் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. வோக்கோடர், குரலின் வடிவத்தை மின்சுற்றுக்குள்ளேயே இன்னொரு ஒலிக்கு ஏற்றும் கருவி. ரோஜர் கையாண்டது டாக் பாக்ஸ். சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலி, ஆம்ப் எனும் ஒலிபெருக்கி வழியாக ஒரு சிறு டிரைவருக்கு, அதாவது ஸ்பீக்கரில் ஒலி எழுப்பும் பாகத்துக்கு, போகிறது. டிரைவரின் வாயில் பிளாஸ்டிக் குழாய். குழாயின் மறுமுனை பாடுபவரின் கடைவாயில், பல்லோரமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே. தொண்டை வேலை செய்வதில்லை. கை ஸ்வரத்தை வாசிக்க, உதடும் நாக்கும் ஓசையின்றிச் சொல்லை வடிக்கின்றன. வாய்க்கு முன்னால் இருக்கும் மைக் அதைப் பிடிக்கிறது.

கேட்க எளிது, செய்யப்போனால்தான் சிக்கல் தெரியும். குழாயை ஆழமாக வைத்தால் குமட்டும், நாக்கும் புரளாது. நுனியில் வைத்தால் சொல் தெளியாது. குழாய் நீளமானால் மேல்ஸ்தாயி மங்கும். மிருதுவான ஒலியைத் தேர்ந்தால் ஆ, ஈ, ஊ மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். வாய் செதுக்குவதற்கு ஒலியில் மேற்சுரங்கள் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வுகள்) வேண்டும், அதனால் ரம்பப் பல்போல் வடிவமுள்ள ரம்ப அலை போன்ற கரகரப்பான ஒலியே உதவும். தாழ்ந்த பேஸ் ஒலியை வடிகட்டாமல் அனுப்பினால் டிரைவரின் மெல்லிய தகடு கிழியும். குழாயில் எச்சில் இறங்கும். ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்த வேண்டும்.

மெய்யெழுத்துதான் பெரிய தொல்லை. குழாயில் ஒலி ஓடிக்கொண்டே இருப்பதால் 'பம்பரம்' என்பதன் முதல் ப-வும் இரண்டாம் ப-வும் ஒரே மாதிரி அதிர்ந்து வரும். தமிழ் எழுத்துக்கு அது பழக்கம்தான், ஆங்கிலத்துக்குக் கஷ்டம். 'ஸ்' என்ற சீறலுக்குச் சொந்த மூச்சை மைக்கில் ஊத வேண்டும். ரோஜரின் திறமை இந்த இடத்தில்தான், சொல் புரிகிறது.

1982-இல் வந்த 'டான்ஸ் ஃப்ளோர்' கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆட்டத்துக்கு அது போதும். என் கணிப்பில் உச்சம், 1985 ஆல்பத்தில் உள்ள 'கம்ப்யூட்டர் லவ்'. ஷெர்லி மர்டாக், சார்லி வில்சன் என்ற இரு மனிதக் குரல்களுக்கு நடுவே குழாய்க் குரல் கெஞ்சுகிறது. அமெரிக்க மேற்குக் கரை ராப் இசைக்காரர்கள் ஸாப்பை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1995 கடைசியில் டூபாக், டாக்டர் ட்ரே கூட்டணியில் வந்த 'கலிஃபோர்னியா லவ்' பாட்டில் ரோஜரே வந்து குழாயை வாயில் வைத்தார். 1999-இல் அவர் மறைந்தார்.

'கம்ப்யூட்டர் லவ்'வை ஹெட்போனில் கேட்கும்போது நீண்ட ஸ்வரங்களின் முடிவைக் கவனியுங்கள். பாடகர்கள் மூச்சுக்காக வரியை விடுகிறார்கள். ரோஜரின் வரி, விரல் கீபோர்டின் கட்டையிலிருந்து எழும்போதுதான் நிற்கிறது.