ஸ்டெல்லா செய்த தப்பு என்ன?

நண்பர்களே, படம் முடிந்து விளக்குப் போட்டதும் உங்களில் பலர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் இந்தப் படம் நம்மை அழவைத்தே ஒரு கணக்கை மறக்கடித்துவிடுகிறது. அதைக் கொஞ்சம் கிளறலாம்.

'ஸ்டெல்லா டல்லாஸ்', 1925இல் வந்த மௌனப் படம். இயக்கம் ஹென்றி கிங். ஆலிவ் ஹிக்கின்ஸ் ப்ரூட்டியின் நாவலுக்குத் திரைக்கதை எழுதியவர் பிரான்சிஸ் மரியன்.

கதை எங்கே தொடங்குகிறது? பெரிய வீட்டில். ஸ்டீபனின் அப்பா பண மோசடியில் சிக்கித் தற்கொலை செய்துகொள்கிறார். அவமானத்தில் பையன் காதலித்த ஹெலனையும் விட்டுவிட்டுச் சிற்றூருக்குப் போய், ஏழை வீட்டு ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்கிறான். மோசடி அந்தக் குடும்பத்தில் நடந்தது. ஆனால் ஸ்டீபனின் கௌரவம் சீக்கிரமே திரும்பிவிடுகிறது. ஸ்டெல்லா செய்த குற்றமெல்லாம் பகட்டாக உடுத்தியதும், சத்தமாகச் சிரித்ததும், எட் மன் என்ற ஆளோடு பழகியதும்தான். அதற்கு மன்னிப்பே கிடையாது.

மகள் லாரலின் பிறந்தநாள் விருந்தை நினைத்துப் பாருங்கள். மேசை தயார், நாற்காலிகள் தயார், ஒருவரும் வரவில்லை. அம்மாவின் பேர் கெட்டுப்போனதற்குப் பிள்ளைக்குத் தண்டனை! பேசும் படமாக இருந்தால் யாராவது ஆறுதல் வசனம் சொல்லிக் கெடுத்திருப்பார்கள். இங்கே ஸ்டெல்லாவாக நடித்த பெல் பென்னட்டின் முகம் மட்டும்தான். எதிரே லாரலாக லோயிஸ் மோரன். அந்தச் சிறுமியும் அவர்தான், கடைசியில் மணப்பெண்ணும் அவர்தான். (மாப்பிள்ளையாக வரும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியருக்கு அப்போது 15 வயது. மீசையை நம்பாதீர்கள்.)

அப்புறம் அந்த முடிவு. மகள் தன்னை விட்டு அப்பாவிடம் போகவேண்டும் என்பதற்காகத் தன்னையே மட்டமாகக் காட்டிக்கொள்கிறாள் ஸ்டெல்லா. பிறகு மகள் கல்யாணத்தை மழையில் தெருவில் நின்று ஜன்னல் வழியே பார்க்கிறாள். போலீஸ்காரர் வந்து, நகரச் சொல்கிறார். தியாகம் என்று நாம் உருகுகிறோம். ஆனால் மேலே வரவேண்டும் என்ற அவளுடைய ஆசை, தனக்காக இருந்தவரை கேலிக்குரியதாக இருந்தது; மகளுக்காக என்று ஆனதும் புனிதமாகிவிட்டது. இது என்ன நியாயம்?

ஸ்டீபனை யாரும் கேட்கவில்லை. மனைவியையும் குழந்தையையும் விட்டு நியூயார்க் போனவன் அவன். அவனாக நடிக்கும் ரொனால்ட் கோல்மன் அத்தனை கண்ணியமாக நிற்பதால் தப்பித்துவிடுகிறான். வேறொரு நடிகர் என்றால் சும்மா விட்டிருப்போமா?

இதே கதையை 1937இல் கிங் விடோர் பேசும் படமாக எடுத்தார். ஸ்டெல்லாவாக பார்பரா ஸ்டான்விக். அதிலும் ஸ்டீபன் தப்பித்துக்கொள்கிறான். அடுத்த கூட்டத்தில் அதைப் போட்டுவிட்டு, இந்த வழக்கைத் தொடரலாம்.