உலா இனிப்பது பணத்தாலா, திட்டத்தாலா? திட்டத்தாலேயே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சுங்கை சிப்புட் தோட்டங்களிலும் தாமான்களிலும் இருந்து வேலை முடித்துக் குளித்த கையோடு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

குடும்பத்தோடு ஊர் சுற்றுவதும் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் இனிப்பது பணத்தாலா, திட்டத்தாலா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா கேட்டார்: "கையில் இருநூறு வெள்ளியோடு பிள்ளைகளைக் கூட்டிப் போனால், அதைத் தொடாதே, இதைக் கேட்காதே என்று அதட்டத்தானே வேண்டிவரும்? அதற்குப் பெயர் உலாவா?" நியாயமான கேள்வி ஐயா. தட்டிக்கழிக்க மாட்டேன். அதே இருநூறு வெள்ளியையே எடுத்துக்கொள்கிறேன். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். போகும் ஊர் தைப்பிங்.

பணம் எங்கிருந்து வரும்? மாதம் இருபது வெள்ளி, பத்து மாதம். நம் மக்களுக்கு இது தெரியாத வித்தையா? தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், இந்த ஊரில் பிறந்த, மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத்தான் அதில் பங்குதாரர் ஆனார்கள். தோட்டமே வாங்கிய கைகளுக்கு ரயில் டிக்கெட் வாங்கத் தெரியாதா ஐயா?

சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில் நிற்கும். ஆனால் எல்லா வண்டியும் எல்லா ஊரிலும் நிற்காது. ஆகவே நேரத்தையும் நிறுத்தத்தையும் ரயில் நிறுவனமான கேடிஎம்மின் கைப்பேசிச் செயலியில் முதலில் பாருங்கள். இருக்கை எண்ணோடுதான் டிக்கெட் வரும். பலர் சறுக்குவது இங்கேதான்: பள்ளி விடுமுறையில் போவதற்கு மட்டும் டிக்கெட் வாங்கிவிட்டு, திரும்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். மாலை வண்டி நிறைந்துவிடும். பகல் முழுதும் மிச்சம் பிடித்ததை வாடகைக் காடிக்கு அழ வேண்டிவரும். போகவர இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கிவிட வேண்டும். தாத்தா பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் சலுகைக் கட்டணம் உண்டு. பெரியவர்களின் அடையாள அட்டையும் பிள்ளைகளின் மைகிட் அட்டையும் பையில் இருக்கட்டும்.

அந்த ரயில் பயணமே பாதி உலா. பாடாங் ரெங்காஸ் தாண்டினால் புக்கிட் பெராபிட் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கும் மேல். பச்சையாக ஓடிக்கொண்டிருந்த சன்னல் சட்டென்று கறுத்து, அதில் தன் முகமே தெரியும்போது பிள்ளை போடுகிற கூச்சலுக்கு எந்தக் கடையில் விலை போட்டிருக்கிறது?

தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். திட்டமில்லாதவர் காலையில் பேரங்காடிக்குள் சுற்றிவிட்டு, மூன்று மணிக்கு ஏரிப் பூங்காவுக்குப் போவார். மழை பிடித்துக்கொள்ளும். ஒதுங்க ஒரு கடை, கடைக்குள் நாலு பானம், வெளியே வர ஒரு குடை. ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீராகக் காசு போய்விடும். விவரம் தெரிந்தவர் காலையிலேயே பூங்காவில் இருப்பார். ஈயம் தோண்டிய பள்ளங்கள் ஏரியாகி, 1880 முதல் பொதுப் பூங்காவாக இருக்கும் இடம் அது. நுழைவுக் கட்டணம் இல்லை. தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி, நுனியை ஏரித் தண்ணீரில் தோய்த்துக்கொண்டு நிற்கும். அந்த நிழலில் பாயை விரித்து, வீட்டில் கட்டிய நாசி லெமாக்கைப் பிரித்துப் பசியாறலாம். மழை இறங்கும் நேரத்துக்கு, 1883இல் தொடங்கிய பேராக் அரும்பொருளகம் இருக்கிறது. நாட்டிலேயே பழையது.

காலைப் பசியாறலை வீட்டிலிருந்து கொண்டுபோகச் சொல்வது, மத்தியானம் கடையில் நிமிர்ந்து உட்காருவதற்காக. வாழையிலைச் சாப்பாட்டில் சோறும் காய்கறியும் ரசமும் பெரும்பாலான கடைகளில் கேட்கக் கேட்க வரும். கணக்கைப் பெருக்குவது பக்கத்துத் தட்டுகள்தான். ஆளுக்கு ஒரு கோழி, ஆளுக்கு ஒரு மீன் என்று உட்கார்ந்தவுடன் அடுக்காமல், நாலு இலைக்கு இரண்டு தட்டு சொல்லுங்கள். போதவில்லை என்றால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நாசி கண்டாரில் நாலு வகைக் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொன்னாலும் பெரிதாக விலை ஏறாது. பெரிய இறாலையும் கணவாய் முட்டையையும் விலை கேட்காமல் விரலால் காட்டுகிறோமே, அங்கேதான் ஏறும்.

கடல் உணவுக் கடையில் இன்னும் கவனம் வேண்டும். சியாக்காப் மீன் 8 வெள்ளி என்று பலகையில் இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் 100 கிராமுக்கு என்று இருக்கும். 700 கிராம் மீன் 56 வெள்ளி. நிறுக்கும்போதே எடையைக் கேளுங்கள். பொரித்து மேசைக்கு வந்த பிறகு கேட்டு என்ன பயன்? விலை கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். விலையைக் காட்டி வைப்பது கடைக்காரரின் சட்டக் கடமை.

குளிர்சாதனக் கடையில்தான் சாப்பிட வேண்டும் என்றாலும் சரி. விலைப்பட்டியலின் அடியில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, சேவை வரி 6 விழுக்காடு. நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் குறைந்தது 116 வெள்ளி. இந்த வரி ஆண்டுக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்கும் கடைகளுக்குத்தான். சேவைக் கட்டணமோ கடை தானே போட்டுக்கொள்வது. இதைத் தெரிந்து உள்ளே போகிறவருக்குப் பில் வரும்போது முகம் வாடாது.

இப்போது அந்த அதட்டலுக்கு வருகிறேன் அக்கா. புறப்படும்போதே பிள்ளைக்கு ஆளுக்குப் பத்து வெள்ளி கையில் கொடுத்துவிடுங்கள். பொம்மையா, ஐஸ் காச்சாங்கா, அவர்களே முடிவு செய்யட்டும். கேட்பதும் மறுப்பதும் அங்கேயே தீர்ந்தது. இன்னொரு இருபது வெள்ளி தனி உறையில்; அதை அவசரத்துக்குத் தவிரத் தொடக்கூடாது. டிக்கெட்டும் சாப்பாடும் மீதி 160 வெள்ளிக்குள். டிக்கெட்டே பாதிக்கு மேல் விழுங்குகிறதா? ஊரைச் சுருக்குங்கள், சாப்பாட்டைச் சுருக்காதீர்கள். பக்கத்தில் கோலகங்சார் இருக்கிறது. 1877இல் அங்கே நட்ட ஒன்பது கித்தா, அதாவது ரப்பர், கன்றுகளில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்தை ஒட்டி மரமாக நிற்கிறது. நம் பாட்டன் வெட்டிய மரங்களுக்கெல்லாம் மூத்த மரம் ஐயா! தோட்டத்துப் பிள்ளை அதைத் தொட்டுப் பார்க்க ஒரு காசு செலவில்லை.

எதிரணித் தம்பி லங்காவி, பினாங்கு என்றார். போகலாமே! வெள்ளி, சனி இரவுகளை விட்டு ஞாயிறு இரவுக்கு அறை பாருங்கள், பெரும்பாலும் மலிவாக இருக்கும். காட்டும் விலையில் 8 விழுக்காடு சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரவுக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி வெளிநாட்டினருக்கு மட்டும்தான்; நம்மிடம் கேட்டால் அடையாள அட்டையைக் காட்டுங்கள். அந்தப் பத்து வெள்ளியைக் காப்பாற்றுவதும் திட்டம்தான் நடுவர் ஐயா. தீர்ப்பு எங்கள் பக்கம் வரட்டும். நன்றி, வணக்கம்.