பதினைந்து வயதுக்கு மீள்பரீட்சை இல்லை

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் ரியூசன் பக்தர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே, வணக்கம்.

நாட்டுக்காக ஹொக்கி ஆட ஆசைப்படும் பெண்பிள்ளைக்குப் பள்ளிப் பருவத்தில் முதலிடம் மைதானமா, ரியூசனா? இதுதான் தலைப்பு. மைதானமே என்று வாதாட வந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். சைக்கிளை வெளியே விட்டிருக்கிறேன். பேசி முடித்துப் போகும்போது சில்லில் காற்று இருக்குமோ தெரியாது.

எதிரணித் தலைவர் சொன்னார்: "முதலில் உயர்தரப் பரீட்சை, பிறகு பல்கலைக்கழகம், அதற்குப் பிறகு எவ்வளவும் ஆடட்டும்." சாட்சிக்கு எங்கள் மண்ணின் தர்ஜினி சிவலிங்கத்தை அழைத்துவந்தார். படித்தவர், நாற்பது வயதை ஒட்டியும் 2019இல் லிவர்பூலில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் கோல்களைக் குவித்தவர். அந்தப் பெயரைக் கேட்டதும் நானும்தான் கைதட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, தர்ஜினியின் உயரம் ஆறடி பத்து அங்குலம். அவருடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. உயரம் காத்திருக்கும் என்றுதான் சொல்கிறேன். கடந்தகால வினாத்தாள் அத்தனையும் செய்து முடித்துவிட்டு வந்தாலும் அது அப்படியே நிற்கும். ஹொக்கி மணிக்கட்டு அப்படி நிற்காது.

ஏன் என்று கேளுங்கள். ஹொக்கி மட்டையின் ஒரு பக்கம்தான் தட்டை. வளைந்த பின்பக்கத்தில் பந்து பட்டால் பிழை. இடதுகைப் பிள்ளைக்கென்று தனி மட்டையும் கிடையாது. பந்து இடப்பக்கம் வந்தால், மேலே பிடித்திருக்கும் இடது கையால் மட்டையைத் திருப்ப வேண்டும், வலது கை இளகிக் கொடுக்க வேண்டும். அதையும் நின்று செய்ய முடியாது. முதுகை வளைத்து, முழு வேகத்தில் ஓடி, தலையை நிமிர்த்திக் கூட்டாளி எங்கே நிற்கிறாள் என்று பார்த்தபடி செய்ய வேண்டும். கை தானாகத் திரும்பும்வரை பழகவேண்டிய வித்தை இது. கோல் போடுவதென்றால் 14.63 மீற்றர் வட்டத்துக்குள் வைத்துத்தான் அடிக்கலாம். அங்கே போனால் மூன்று மட்டைகள் நீளும். யோசிக்க நேரம் இராது. சர்வதேச ஆட்டங்கள் பெரும்பாலும் தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில். புல்லில் பழகிய பிள்ளைக்கு அங்கே பந்தின் ஓட்டமே புதிது, அதை வேறு முதலிலிருந்து படிக்கவேண்டும். பட்டம் வாங்கிக்கொண்டு வந்து இருபத்தைந்து வயதில் இதைத் தொடங்கச் சொல்கிறார் எதிரணித் தலைவர்!

இந்தியாவின் ராணி ராம்பால் பதினான்கு வயதில் நாட்டுக்காக ஆடினார். 2010இல் ஆர்ஜென்டீனாவின் ரொசாரியோவில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஏழு கோல் போட்டார், அப்போது வயது பதினைந்து. அப்பா வண்டி இழுத்துப் பிழைத்தவர். பயிற்சிக்கு வரும் பிள்ளை அரை லீற்றர் பால் கொண்டுவர வேண்டும் என்பது விதி. வீட்டில் 200 மில்லிலீற்றருக்குத்தான் வழி. மிச்சத்துக்குத் தண்ணீர் கலந்து கொண்டுபோனாராம். அந்த வயதில் எங்கள் பிள்ளைக்குப் பாலும் உண்டு, முட்டையும் உண்டு. மைதானத்துக்கு நேரம்தான் இல்லை.

"மொழி தெரியாத பிள்ளையைக் கொழும்புக்கு எப்படி அனுப்புவது?" என்று எதிரணிச் சகோதரி கலங்கினார். மிசோரத்துப் பிள்ளை லால்ரெம்சியாமி 2016இல் டெல்லிக்குப் பயிற்சிக்குப் போனபோது அவருக்கு ஹிந்தி தெரியாது. 2019ஆம் ஆண்டின் உலகின் சிறந்த இளம் வீராங்கனை விருது அவருக்குத்தான் கிடைத்தது. லக்னோவின் மும்தாஸ் கான் 2022 இளையோர் உலகக் கிண்ணத்தில் எட்டு கோல் போட்டார். தென் கொரியாவோடு காலிறுதி நடந்த நேரம் அவருடைய அம்மா தள்ளுவண்டியில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்தார்.

அந்த இளையோர் கிண்ணம் 21 வயதுக்கு உட்பட்டோருக்கு. வயது தாண்டினால் அந்தக் கதவு பூட்டுத்தான். உயர்தரத்தையோ பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தரம் எழுதலாம். விளையாட்டில் சாதித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சிறப்பு அனுமதியும் வைத்திருக்கிறது. அதற்கும் உயர்தரத்தில் சித்தி வேண்டும், நான் மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விடு என்று எங்கள் அணியில் எவரும் சொல்லவில்லையே! பள்ளி விட்டதிலிருந்து இருட்டும்வரை ரியூசன் கொட்டிலுக்குள் இருத்தாதே, ஞாயிற்றுக்கிழமையையும் பறிக்காதே என்கிறோம்.

காசு வராது என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன், கிரிக்கெட்காரருக்கு வருகிற காசு ஹொக்கிப் பெண்ணுக்கு வராது. காலில் அடிபடும் என்றார்கள். கணைக்காலுக்கும் பல்லுக்கும் காப்பு இருக்கிறது, அப்படியும் அடிபடத்தான் செய்யும். கடைசியாக ஒன்று சொன்னார்கள் பாருங்கள்: "வெயிலில் கறுத்துப்போனால் யார் கட்டுவான்?" அம்மாமாரே, மத்தியானம் இரண்டரைக்கு ரியூசனுக்குச் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைக்கு மட்டும் நிலாவா எறிக்கிறது?

அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பர் ரியூசன் ஆசிரியர் என்று கேள்விப்பட்டேன். நல்லதாய்ப் போயிற்று. மூன்று மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டிய பிள்ளையை ஏன் ஐயா மூன்று மணிக்கே வகுப்புக்குக் கூப்பிடுகிறீர்கள்? அதை ஐந்தரைக்கு மாற்ற முடியாததற்கு ஒரேயொரு காரணத்தை இந்தச் சபைக்குச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.