மருதனார்மடத்துக் கேள்வி ஆய்வு மேடையை அடையும் வழி

[காட்சி: மருதனார்மடம் சந்தி, காலை ஏழரை மணி. பாடசாலை மாணவர்களும் அலுவலகம் செல்வோரும் யாழ்ப்பாணம் செல்லும் பேருந்துக்காக நிற்கிறார்கள்.]

வணக்கம். காங்கேசன்துறை வீதியில் காலையில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. நெடுநேரம் ஒரு பேருந்தும் வராது. பிறகு இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பேருந்துகள் போதாது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள்.

[திரையில்: ஒரு மணி நேரக் கோடு, அதில் ஆறு புள்ளிகள்.]

ஒரு மணித்தியாலத்துக்கு ஆறு பேருந்துகள் பத்து நிமிட இடைவெளியில் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் சந்திக்கு வரும் ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு பேருந்துகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை வந்தால், அவரது காத்திருப்பு சராசரியாகப் பத்து நிமிடமாகிவிடும். பேருந்தும் சாரதியும் எரிபொருளும் முன்புபோலவே இருக்க, பயணியின் காத்திருப்பு மட்டும் இரட்டிப்பாகிறது. ஆகவே இங்கு குறை பேருந்துகளின் எண்ணிக்கையிலா, இடைவெளியிலா என்பதை அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அளப்பது யார்? சாரதிக்கு வீதியின் நெரிசல் தெரியும். நிலையத்தில் இருக்கும் நேரக்கணிப்பாளருக்குப் புறப்படும் நேரங்கள் தெரியும். பல்கலைக்கழக விரிவுரையாளருக்குக் கணிதம் தெரியும். வழித்தட அனுமதி வழங்கும் அதிகாரிக்குச் சட்டம் தெரியும். ஆளுக்கொரு துண்டாக இருக்கும் இந்த அறிவு ஒரே அறையில் சந்திக்க வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் போக்குவரத்து ஆய்வுக்கான தொழில்சார் சங்கங்கள் தோன்றின.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். இலண்டன் வீதி, அமெரிக்க நெடுஞ்சாலை.]

இலண்டனில் 1919 ஆம் ஆண்டு போக்குவரத்து நிறுவகம் தொடங்கப்பட்டது. 1926 இல் அதற்கு அரச பட்டயம் கிடைத்தது. அமெரிக்காவில் 1920 இல் நெடுஞ்சாலை ஆய்வுக்கான தேசிய ஆலோசனைக் குழுவாகத் தொடங்கிய அமைப்பு, பின்னர் நெடுஞ்சாலை ஆய்வுச் சபையாகி, 1974 முதல் போக்குவரத்து ஆய்வுச் சபை என அழைக்கப்படுகிறது. அதன் வருடாந்தக் கூட்டம் சனவரி மாதத்தில் வாஷிங்டன் நகரில் நடைபெறுகிறது. இவற்றோடு ஒப்பிட்டால் சிறியதாயினும் என் மனத்துக்கு நெருக்கமானது, அமெரிக்காவில் 1958 இல் உருவான போக்குவரத்து ஆய்வு மன்றம். புகையிரத நிறுவனத்தவர், சரக்கு அனுப்புவோர், அரச அதிகாரிகள், ஆலோசகர்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆகிய அனைவரும் பக்கம் சாராமல் கருத்துப் பரிமாறும் பொது இடமாக இருப்பதே அதன் நோக்கம். ஆண்டு மாநாடு நடத்துவதும் ஆய்வுச் சஞ்சிகை வெளியிடுவதும் அதன் முக்கிய பணிகளாக இருந்துவந்துள்ளன.

இத்தகைய அமைப்பு ஒன்றினால் ஒரு நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரே உதாரணத்தைத்தான் சொல்வேன்.

[திரையில்: சுற்றுப்பாதைகளின் வரைபடம். பாரவூர்திகள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன.]

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கு அருகே, வெவ்வேறு தடிப்பில் தாரும் கொங்கிறீற்றும் இட்ட சோதனை வீதிகள் சுற்றுப்பாதைகளாக அமைக்கப்பட்டன. 1958 ஆம் ஆண்டு இறுதியிலிருந்து இராணுவச் சாரதிகள் வெவ்வேறு எடை ஏற்றிய பாரவூர்திகளை அவற்றில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஓட்டினார்கள். அச்சுச் சுமைகள், அதாவது சக்கரங்களை இணைக்கும் ஒவ்வோர் அச்சும் வீதியின் மீது இறக்கும் எடைகள், 11 இலட்சத்துக்கும் அதிகமான தடவைகள் அந்த வீதிகளின் மீது சென்றன. வெடிப்புகளும் பள்ளங்களும் எப்போது, எந்த எடையின் கீழ் உண்டாயின என்பது பதிவுசெய்யப்பட்டது. இந்தப் பெருஞ்சோதனையை நடத்தும் பொறுப்பு நெடுஞ்சாலை ஆய்வுச் சபையிடம் இருந்தது. வீதி அமைக்கும் மாநிலங்கள், வாகன உற்பத்தியாளர்கள், எரிபொருள் நிறுவனங்கள் என நலன்கள் மோதும் தரப்புகள் பல இருந்தமையால், எல்லோரும் நம்பக்கூடிய நடுநிலையான அமைப்பு ஒன்றே முடிவுகளைச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சோதனையிலிருந்து பெறப்பட்ட விதி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஓர் அச்சின் மீதுள்ள சுமை கூடும்போது வீதிக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. சுமை இரட்டிப்பானால் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்கு. மணல் ஏற்றிய டிப்பர்கள் ஓடும் நமது உள்ளூர் வீதிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு டிப்பரில் அளவுக்கு மேல் ஏற்றப்படும் மணல், ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் செய்யாத சேதத்தைச் செய்யக்கூடும். ஊர்மக்கள் கண்ணால் கண்டு முறையிடுவதை இந்த விதி எண்ணாக்கித் தருகிறது. எண்ணாகும்போதுதான் அது வீதி வடிவமைப்புக்கும் எடைக் கட்டுப்பாட்டுக்கும் ஆதாரமாகிறது.

[காட்சி: மாநாட்டு மண்டபம். ஓர் இளம்பெண் கட்டுரை வாசிக்கிறார்.]

சங்கத்தின் அன்றாட வேலை இவ்வளவு பெரியதல்ல. கட்டுரைகளுக்கு அழைப்பு விடுக்கிறார்கள். வருபவற்றை அதே துறையில் தேர்ந்த வேறு ஆய்வாளர்களிடம் கொடுத்துக் குறை காணச் சொல்கிறார்கள். தேறியவை மேடையில் வாசிக்கப்படுகின்றன. மாநாட்டில் தேநீர் வேளையைப் பலர் இடைவேளை என்று மட்டுமே நினைக்கிறார்கள், ஆனால் என் கணிப்பில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. தரவு வைத்திருக்கும் அதிகாரியை, அந்தத் தரவைத் தேடி மாதக்கணக்கில் கடிதம் எழுதிய மாணவி நேரில் சந்திப்பது அங்கேதான்.

இலங்கையிலும் இதற்கான மேடை உண்டு. சிறி லங்கா சொசைட்டி ஒஃப் ட்ரான்ஸ்போர்ட் அண்ட் லொஜிஸ்டிக்ஸ் என்னும் சங்கம் ஆய்வு மாநாட்டை நடத்துவதோடு, தெற்காசியப் போக்குவரத்துக்கான ஆய்வுச் சஞ்சிகை ஒன்றையும் வெளியிடுகிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துக்கெனத் தனித் துறையே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில், ஏ9 வீதியிலிருந்து எட்டும் தூரத்தில் அமைந்துள்ளது.

[காட்சி: குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்குச் செல்லும் படகில் மக்கள் ஏறுகிறார்கள்.]

வடக்கின் கேள்விகள் அந்த மேடைக்குப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 க்குப் பின் யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை. 2014 ஒக்டோபரில்தான் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறை வரை சென்றது. ஏறத்தாழ கால் நூற்றாண்டாகத் தண்டவாளமே இல்லாதிருந்த நிலத்தில் வீடுகளும் ஒழுங்கைகளும் புதிய பழக்கங்களும் உருவாகிவிட்டன. பாதுகாப்பற்ற புகையிரதக் கடவைகளில் நேர்ந்த உயிரிழப்புகளை அந்த இடைவெளியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வேறு இடத்துக் கணக்கை அப்படியே இங்கு பொருத்திவிட முடியாது. தீவகத்துப் படகுச் சேவையும் அவ்வாறே: காற்றும் கடலும் அனுமதித்தால் மட்டுமே புறப்படும் ஒரு சேவைக்கு நேர அட்டவணை போடுவது, தார் வீதியை மட்டும் அறிந்தவர்கள் எளிதில் தொடாத கணக்கு.

[காட்சி: மீண்டும் மருதனார்மடம் சந்தி. கையில் கொப்பியும் பேனாவுமாக ஒரு மாணவி.]

அறிவியல்நகரில் படிக்கும் ஒரு மாணவி இந்தச் சந்தியில் இரண்டு வாரம் நின்று, ஒவ்வொரு பேருந்தும் வந்த நிமிடத்தையும் ஏறியவர்களின் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் தொடக்கத்தில் போட்ட கணக்கை அவர் மெய்யான எண்களால் நிரப்பிக் கட்டுரையாக்கி அனுப்புகிறார். கட்டுரை ஏற்கப்பட்டு மேடையில் வாசிக்கப்படுகிறது. வாசித்து முடிந்ததும் பின்வரிசையிலிருந்து, பல ஆண்டுகள் பேருந்துச் சேவை நடத்திய ஒருவர் எழுந்து கேட்கிறார்: "பிள்ளை, மழை நாளில் எண்ணினீங்களோ?"

மாணவி எண்ணவில்லை. அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டு ஊர் திரும்பும் அவர், ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும், குடையோடும் அதே கொப்பியோடும் மறுபடியும் இந்தச் சந்திக்கு வந்து நிற்கிறார்.